குமிழி இல்லாத கடல்கன்னி

உலகில் காது என்ற உறுப்பை முறையாகப் பயன்படுத்திய ஒரே நிறுவனம் எங்கள் தொலைக்காட்சி நிலையம்தான். மற்ற நிலையங்கள் நாடகம் போட்டன, நேயர்கள் பார்த்தார்கள். எங்கள் நிலையத்திலோ நேயர்கள் சொன்னார்கள், நாங்கள் போட்டோம். இந்த மகத்தான முறையின் பொறுப்பாளன் என்பதால், 'நேயர் கருத்துப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறையில் எனக்கு ஒரு சுழல் நாற்காலி தரப்பட்டிருந்தது. அது ஒரு பக்கமாக மட்டும் சுழலும்.

நிலையத்தின் மணிமகுடம் 'ஆழத்து இளவரசி' என்ற கடல்கன்னித் தொடர். கடல்கன்னி ஒருத்தி கரையில் ஒரு படைவீரனைக் கண்டு மனதைப் பறிகொடுக்கிறாள். அவன் திரும்பி வரும்வரை கடலுக்கடியில் காத்திருக்கிறாள். படைவீரன் வேறு நிலையத்தில் ஒரு தொடருக்கு ஒப்புக்கொண்டு போய்விட்டதால், இவள் காத்திருப்பதே எங்களுக்குக் கதையாகிவிட்டது.

கடல் என்பது நிலையத்தின் பின்புறக் கொட்டகையில் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டி. கடல்கன்னியாக நடித்தவள் நீச்சல் போட்டிகளில் பதக்கம் வாங்கிய பெண். இடுப்புக்குக் கீழே ரப்பர் வால். வால் மிதக்கக் கூடாது என்று உள்ளே ஈயக்கட்டிகள். அதனால் எவ்வளவு நீச்சல் தெரிந்திருந்தும் அவளால் தானாக மேலே வர முடியாது. மூச்சு முட்டினால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். உடனே தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நீச்சல் வாத்தியார் குதித்து அவளைத் தூக்கிவிடுவார். நேயர் கருத்து வரும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

முதல் கருத்தை எழுதியவர் 'கழுகுக்கண்'. அது வேறு யாருமல்ல, என் சகலைதான். ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அதாவது சம்பளம் அங்கே, வேலை எங்கள் தொடருக்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர். நீருக்கடியில் நடப்பதைப் பற்றி விருப்புவெறுப்பின்றிப் பேச இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

'கடல்கன்னியின் வாயிலிருந்து குமிழி வருகிறது. கடலிலேயே பிறந்தவளுக்கு எதற்குக் காற்று? நேயர்கள் என்ன முட்டாள்களா?' என்று கேட்டிருந்தார். கேள்வி வெளியானதுதான் தாமதம், குமிழியை முன்பே கவனித்துவிட்டதாக ஊரெல்லாம் எழுதியது. அவசரக் கூட்டம் கூடியது.

"குமிழியை ஒழிச்சே ஆகணும்" என்றார் நிலையத் தலைவர், கொசுவைச் சொல்வது போல.

நீச்சல் வாத்தியார் தயங்கித் தயங்கி எழுந்தார். "ஐயா, குமிழி வரக்கூடாதுன்னா நெஞ்சுல காத்தே இருக்கக் கூடாது. மூச்சை முழுக்க வெளியே விட்டுட்டுத்தான் முங்கணும்."

"அப்போ வழி இருக்கில்ல?"

"இருக்குங்க. ஆனா அப்படி முங்கினா மனுஷி தாங்க மாட்டா."

"மனுஷின்னு யாருய்யா சொன்னது? கடல்கன்னி!"

வாதம் முடிந்தது. அன்று முதல் அவள் மூச்சை வெளியே விட்டுவிட்டு நீருக்குள் இறங்கினாள். 'இப்போதுதான் நம்பும்படி இருக்கிறது' என்று நேயர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்குத்தான் மூச்சு தாராளமாக இருந்ததே.

அடுத்தது இமை. மீன் கண் சிமிட்டுமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். கூட்டம் கூடி, சிமிட்டாது என்று ஏகமனதாக முடிவு செய்தது. அவள் மருந்து கலந்த தண்ணீரில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். 'காதலின் சோகத்தைக் கண்சிவப்பிலேயே காட்டும் நடிப்பு!' என்று பாராட்டுகள் குவிந்தன. நல்ல வார்த்தையை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் போய் வாசித்துக் காட்டினேன்.

"சோகம் இல்ல சார், குளோரின்" என்றாள். "ராத்திரியெல்லாம் எரியுது. அதையும் கொஞ்சம் எழுதிக்கங்களேன்."

நான் எழுதிக்கொள்ளவில்லை. நடிகையின் கருத்து நேயர் கருத்து ஆகாது.

இனி வருவதுதான் எங்கள் நிலையத்தின் பொற்காலம். ஒருநாள் காட்சியின் நடுவே அவளுக்கு உண்மையாகவே மூச்சு முட்ட, கையைத் தூக்கினாள். அந்தத் துண்டை வெட்ட மறந்து அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். மறுநாள் என் தொலைபேசி ஓயவில்லை.

"சகலை, அந்தக் கை இருக்கே, அந்தக் கை!" என்று விம்மினார் கழுகுக்கண். "போன வீரனைக் கூப்பிடுற மாதிரி… உங்க மச்சினி அடுப்பை அணைச்சுட்டு வந்து அழுதா. தினம் வரணும் சகலை அந்தக் கை!"

கூட்டத்துக்கு அவளையும் அழைத்திருந்தோம். அழைத்தோம் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

"சார், அது கூப்பிடுற கை இல்ல. காப்பாத்துங்கன்னு சொல்ற கை" என்றாள்.

"அதான்மா உணர்ச்சி!" என்று துள்ளினார் இயக்குநர். "ஒவ்வொரு காட்சி முடியறப்பவும் வைக்கிறோம்."

"அப்போ எனக்கு நிஜமாவே முடியலைன்னா?"

"அப்பவும் அதே கையைத் தூக்கு. இன்னும் இயல்பா வரும்."

"இடது கையையாவது தூக்கட்டுமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். கையை மாற்றினால் தொடர்ச்சி கெட்டுவிட்டதென்று கருத்து வரும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொன்னேன். அந்த யோசனை அங்கேயே மூழ்கியது. கூடவே இன்னொரு கருத்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. கடலின் மேற்பரப்பில் ஒரு காக்கி அரைக்கால் சட்டை தெரிவதாக நேயர்கள் எழுதியிருந்தார்கள். அது நீச்சல் வாத்தியாருடையது. இனி இயக்குநர் 'கட்' சொல்லும்வரை அவர் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று உத்தரவானது.

அத்தனை கருத்துகளும் ஒருங்கே நிறைவேறிய படப்பிடிப்பைக் காண, சிறப்பு விருந்தினராக என் சகலையை அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் அவருக்கு நாற்காலி போட்டோம். அவள் எங்களை ஒருமுறை பார்த்தாள். மூச்சை வெளியே விட்டாள். உள்ளே இறக்கினார்கள்.

குமிழி இல்லை. இமைக்கவில்லை. காட்சி பாதியைக்கூடத் தாண்டவில்லை, வலது கை உயர்ந்தது.

"இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே தூக்கிட்டா" என்றார் இயக்குநர். "பரவாயில்ல, நல்லாருக்கு. ஓடட்டும்."

கை இறங்கவில்லை. விரல்கள் விரிந்து விரிந்து மூடின. மற்றொரு கை கண்ணாடியை அறைந்தது. சகலை எழுந்து நின்று கைதட்டினார். "இதுதான்யா நடிப்பு!" கொட்டகையே தட்டியது. மரியாதைக்காக நானும் தட்டினேன்.

திரைக்குப் பின்னால் இருந்த வாத்தியாருக்கு எப்படித் தெரிந்ததோ, 'கட்' வருவதற்கு முன்பே திரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொட்டிக்குள் விழுந்தார். அவளைத் தூக்கித் தரையில் கிடத்தியபோது உதடுகள் நீலமாக இருந்தன. பிறகு ஒரு மூச்சு வந்தது. மூச்சு விடுவதில் இவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன். ஆனால் நான் அங்கே அலுவல் நிமித்தமாகப் போயிருந்தேன். அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எடுத்ததை வீணாக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வாத்தியார் குதித்தது உட்பட அனைத்தையும் ஒளிபரப்பினோம். அந்த இரவு நேயர் உலகம் கொந்தளித்தது. கழுகுக்கண் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'கடல்கன்னியைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறார்களாம்! காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?'

நியாயம்தானே? அடுத்த கூட்டத்தில் வாத்தியார் 'கதையின் நம்பகத்தன்மைக்கு ஊறு விளைவித்த' குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். என் சகலை நிரந்தர 'நேயர் பிரதிநிதி' ஆக்கப்பட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார். அவருடைய நாற்காலி இரண்டு பக்கமும் சுழன்றது.

அவளும் வந்திருந்தாள். சாதாரண உடையில், சொந்தக் கால்களோடு, மேசையின் கடைசியில். இருமிக்கொண்டே இருந்ததால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அடுத்த வாரக் காட்சிகளைத் தலைவர் வாசித்து முடித்துவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கேட்பதுதானே எங்கள் பெருமை.

அவள் மெல்ல எழுந்து வலது கையைத் தூக்கினாள்.

அறை முழுவதும் கைதட்டியது. தலைவர் தட்டினார், இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நாங்கள் தட்டிய தட்டலில் ஒரு சொல்கூட எட்டவில்லை.

என் சகலை மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டு, அவள் வாயையே கூர்ந்து பார்த்தார். பிறகு திருப்தியோடு என் காதருகே குனிந்தார்.

"பாத்தீங்களா சகலை, ஒரு குமிழிகூட வரலை."