நேற்று வாக்குக் கொடுத்தவர்

மாடித் தண்ணீர்த் தொட்டியை ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் கழுவிவிட வேண்டும்; பதிலுக்கு மனைவி தன் தம்பியைப் படிப்பறையில் தங்கவிடக் கூடாது. சனிக்கிழமை புருஷன் பெண்டாட்டி இருவரும் இப்படி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். படிப்பறை என்பது பெயருக்குத்தான். அங்கே சோபாவில் அவர் விடும் மத்தியானக் குறட்டையைப் புத்தகங்கள் மட்டும்தான் பொறுத்துக்கொள்ளும். வேலை தேடி ஒரு மாதம் தங்க வரும் மைத்துனனுக்கு அதைத் தாரை வார்க்க அவர் என்ன இளிச்சவாயரா?

ஞாயிறு விடிந்தது. வெயிலைப் பார்த்ததும் தத்துவப் பேராசிரியருக்கு ஞானம் பிறந்தது.

"மனுஷன் கணத்துக்குக் கணம் மாறிக்கிட்டே இருக்கான். நேத்து வாக்குக் கொடுத்தவர் வேற, இப்ப காபி குடிக்கிறவர் வேற. அவரைப் போய்க் கேளு."

மனைவி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அட, நல்லாயிருக்கே! இதை நானும் எடுத்துக்கலாமாங்க?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் தத்துவத்தை யாரும் கேட்டு வாங்கியதே இல்லை, மாணவர்கள் உட்பட.

"தாராளமா! தத்துவம்னா சுத்தியல், திருப்புளி மாதிரி. யார் வேணா எடுக்கலாம். பெட்டி திறந்தே கிடக்கு."

சற்று நேரத்தில் மைத்துனன் மூட்டை முடிச்சோடு வந்தான். நேராகப் படிப்பறைக்குப் போய் சோபாவில் காலை நீட்டினான்.

"என்னடி அநியாயம்! அறையைத் தர மாட்டேன்னு சொன்னியே?"

"சொன்னவ நேத்து இருந்தவ. நல்ல பொம்பளை, பாவம்."

"அது என் தத்துவம்டி!"

"பெட்டி திறந்தே கிடக்குன்னீங்களே."

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி தாயே! நானும் மாறலை, நீயும் மாறலை. தொட்டியைக் கழுவறேன். என் அறையை விட்டுடச் சொல்லு."

"கழுவிட்டு வாங்க. காலி பண்ணிடுவேல்லடா?"

"கண்டிப்பா அக்கா!" என்றது சோபா.

தொட்டிக்கு ஏற ஏணி வேண்டியிருந்தது. அதை இரவல் வாங்கிப் போயிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதிலுக்கு அப்பால் கையை விரித்தார். "ஏணி வாங்கினது போன வாரத்து ஆளு சார். அக்காதான் விளக்கமா சொன்னாங்க."

வகுப்பில் ஒருத்தனுக்கும் ஏறாத விஷயம் தெருவுக்கே ஏறிவிட்டது. எரிச்சலில் அவருக்குக் காது மடல் சிவந்தது. நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறினார். பாசியைச் சுரண்டினார். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்.

மனைவி ஒரு குறையும் சொல்லவில்லை. "அறை உங்களுதுதாங்க. போய் எழுப்புங்க."

வெற்றிக் களிப்போடு மைத்துனனை உலுக்கினார். அவன் போர்வையை விலக்காமலே சொன்னான்:

"காலி பண்றேன்னு சொன்னவன் அப்பவே தூங்கிப் போயிட்டான் அத்தான். என்னை ஏன் எழுப்பறீங்க?"