பக்கவாட்டில் போகும் ரோபோவின் அக்கா

வாவியின் இரண்டு கரையிலும் பரவலாகக் காணப்படும் ஓர் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், விளக்கம் சொல்லும் அக்கா. அண்ணன்மாரிலும் இந்த இனம் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பேசப் பேச மூச்சு சீக்கிரம் வாங்கிவிடும்.

இந்த அக்கா சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்தவள். தங்கச்சி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கிறாள். தங்கச்சி அங்கே எதைப் படிக்கிறாளோ, அதை அக்கா இங்கே ஊருக்குப் படிப்பிப்பாள். யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவளின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு, ஆள் ஓட முடியாது என்பதை உறுதி செய்துகொண்டு, சக்கரப் பாடத்தை ஆரம்பிப்பாள்: “சாதாரணச் சில்லு முன்னுக்கும் பின்னுக்கும்தான் போகும். எங்கட தங்கச்சிட ரோபோவில இரிக்கிற சில்லு அப்பிடியில்ல.”

செத்தவீடு என்றாலும் விலக்கில்லை. அண்மையில் ஒரு செத்தவீட்டில், வெற்றிலைத் தட்டத்தின் விளிம்பைச் சுற்றிப் பாக்குகளை வரிசையாக அடுக்கி, நல்லரத்தினம் மாமாவுக்குப் பாடம் நடந்தது.

“மாமா, தட்டம்தான் சில்லு. இந்தப் பாக்கெல்லாம் சின்ன உருளை.”

“புள்ள, இது செத்தவீடு.”

“ஓம் மாமா, சின்ன விளக்கம்தான்.”

“விளக்கம் கிடக்கட்டும்கா. அந்த உருளையில ஒண்டத் தா, வெத்திலையோட போடுவம்.”

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த அக்கா நான்தான்.

வந்தது வந்துவிட்டீர்கள், நீங்களும் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு சில்லின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள். சில்லு முன்னே உருளும். உருளைகளோ பக்கவாட்டில் உருளும். ஆகவே சில்லைச் சுழற்றினால் அது நிலத்தைப் பிடித்துத் தள்ளும். பக்கத்தில் இருந்து தள்ளினால் உருளைகள் உருண்டு இடம் கொடுக்கும். இப்படி மூன்று சில்லுகளை முக்கோணமாகப் பூட்டி, ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்தில் சுழற்றினால், ரோபோ முகத்தைத் திருப்பாமலே முன்னே, பின்னே, பக்கத்தில், மூலைக்கு என்று நினைத்த திசையெல்லாம் போகும். விளங்கியதா? விளங்காவிட்டால் சொல்லுங்கள், தட்டம் எடுத்து வருகிறேன்.

தங்கச்சி கம்சாயினியின் ரோபோ ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு நடுவே மருந்து கொண்டு போவதற்கானது. கடைசி வருடச் சோதனையில் அது ஓடிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போகும்.

சோதனை நாள் விடிந்தது. குளிக்கப் போகும்போது அவள் சொன்னாள்: “அக்கா, அதில கை வெக்காதீங்க.”

நான் கை வைக்கவில்லை. விரல் நுனியை மட்டும்தான் வைத்தேன். புது வாகனம் வீட்டை விட்டு இறங்கினால் சந்தனம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்து நசுக்கித்தானே இறக்குவோம்? எங்களை ஏற்றிப்போக வந்த காத்தான்குடி நளீர் ஓட்டோவோடு வாசலில் நின்று பார்த்தான்.

“அக்கா, இதுவும் வாகனமா?”

“சில்லு இரிக்குதானே.”

“அப்ப என்ட ஓட்டோச் சில்லுக்கும் கொஞ்சம் பூசுங்களன். டவுனுக்குள்ள பக்கவாட்டாப் போகட்டும்.”

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. சில்லுக்கு ஒரு பொட்டு என்று மற்றவர்கள் விடுவார்கள். நான் ஒவ்வொரு உருளைக்கும் தனித்தனியாக வைத்தேன். வழியில் உதிர்ந்துவிடக் கூடாதே என்று இடுக்கில் அழுத்தியும் விட்டேன். ரோபோவுக்குத் தேசிக்காயை நசுக்கப் பாரம் போதவில்லை. நானே ஒரு கை கொடுத்தேன். கம்சாயினி குளித்து வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு ஓட்டோவில் கம்பஸுக்குப் போகும்போது, வாழைச்சேனைக்குப் போகும் பிரதான வீதியின் காற்று முழுவதும் அதன் மேல் அடித்தது. சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

சோதனை மண்டபத்தில் கட்டில்களுக்குப் பதிலாக மேசைகள். விரிவுரையாளர் மேடம் தலையசைத்தார். நான் பின்வரிசையில், வேறொரு பிள்ளையின் தகப்பனுக்கு, “இப்ப பாருங்க, முகத்தத் திருப்பாம பக்கத்தால போகும்” என்று முன்னறிவிப்புச் செய்துகொண்டிருந்தேன்.

ரோபோ உறுமியது. நடுங்கியது. நின்ற இடத்திலேயே முக்கியது.

“எந்தப் பக்கம் எண்டீங்க?” என்று கேட்டார் அந்தத் தகப்பன்.

கம்சாயினி அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிறகு மண்டபம் முழுவதையும் தாண்டி என்னைப் பார்த்தாள். மேடம் கேட்டார்: “என்ன பிழை?”

என் வாய் திறந்துவிட்டது. “மேடம், அது வந்து, சாதாரணச் சில்லு எண்டா...”

“அக்கா,” என்றாள் கம்சாயினி. அவ்வளவுதான். எனக்கு வாய் மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவளால் என் வாயை மூட முடிந்ததில்லை.

மேடத்திடம் திரும்பிச் சொன்னாள்: “உருளை எல்லாம் இறுகிட்டு மேடம். உருளை சுத்தாட்டி மற்றச் சில்லு தள்ளுறதுக்கு இது இடம் குடுக்காது. மூண்டும் ஒண்ட ஒண்டு மறிச்சிக்கொண்டு நிக்கும்.” என்னுடைய பாக்கு, தட்டம் எதுவும் இல்லாமல், மூன்றே வரியில். செத்தவீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கடைசியா வாங்க” என்றார்.

மண்டபத்துக்கு வெளியே, வேப்பமர நிழலில், கொண்டை ஊசியால் ஒவ்வொரு உருளையாகச் சுரண்டினேன். ஒன்றையும் விடவில்லை. அந்த வேலை எனக்கு வரும். நளீர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, “விளக்கம் ஒண்டும் இல்லையா அக்கா?” என்று கேட்டான். நான் ஊசியைக் காட்டினேன்.

கடைசியாக ரோபோ ஓடியது. மேசைகளுக்கு நடுவே, முகத்தைத் திருப்பாமல், பக்கவாட்டில், ஒரு சத்தமும் இல்லாமல். பக்கத்தில் இருந்த தகப்பன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கம்சாயினி பாஸ். திரும்பி வரும்போது ஓட்டோவில் அவளுக்கும் எனக்கும் நடுவே ரோபோ உட்கார்ந்து வந்தது. ஏறாவூர் தாண்டும் வரை பொறுத்தேன். பிறகு நளீருக்கு முக்கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன்.

நீங்கள் இதையெல்லாம் வாசித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ மகளோ ஏதோ ஒரு பக்கம் போகப் புறப்பட்டுக்கொண்டிருக்கலாம். “கை வெக்காதீங்க” என்று உங்களிடமும் சொல்லியிருக்கலாம். எதற்கும் ஒருமுறை விரல் நுனியை முகர்ந்து பாருங்கள்.

சந்தனம் மணக்கிறதா?