மஞ்சள் பூவுக்கு வடிகால்

உலகப் பூக்களின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: நான் செயலாளர் ஆவதற்கு முன், ஆனதற்குப் பின். 'முன்' காலத்தில், மாட்டுப்பட்டி ஊருக்கு மேலே சதசதவென்று ஊறிக் கிடக்கும் புல்வெளியில், ஒரு மஞ்சள் பூ யாருடைய அனுமதியும் இல்லாமல் வருடாவருடம் பூத்துக்கொண்டிருந்தது. பார்க்க வண்டி வண்டியாக ஆள் வந்தார்கள். வந்தவர்கள் ஓரத்தில் முத்துப்பேச்சி போட்டிருந்த கடையில் டீ குடித்தார்கள். அவளுக்கு ஒரு மாடு, ஒரு அடுப்பு, அந்தப் பூ. பிழைப்பு அவ்வளவுதான்.

இப்படியொரு ஒழுங்கீனத்தை எத்தனை நாள் பொறுப்பது? ஹோம்ஸ்டே நடத்தும் அருண்பாண்டி தலைவர், ரிட்டயர்டு எஸ்டேட் சூப்பர்வைசரான நான் செயலாளர் என 'மஞ்சள் மலர் சம்ரக்ஷண சமிதி' என்ற பாதுகாப்புச் சங்கம் உதயமானது.

முதல் ஆய்விலேயே என் பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தது. முப்பத்தோரு வருடம் தேயிலையைக் காத்தவன் நான். தேங்கிய தண்ணீரைக் கண்டால் கை பரபரக்கும்.

"தண்ணி நிக்குது தலைவரே. செடி எப்படிப் பொழைக்கும்? வாய்க்கா வெட்டி எறக்கிருவோம்."

"செயலாளர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அருண்பாண்டி. அவர் வீட்டுக் கக்கூஸ் அடைத்தாலும் என்னைத்தான் கேட்பார்.

முத்துப்பேச்சி டீயை ஆற்றியபடி, "அண்ணாச்சி, அது சேத்துக்குள்ளதான பூக்குது. காஞ்ச மேட்டுல ஒண்ணாச்சும் பாத்திருக்கியளா?" என்றாள்.

'நிபுணர் அல்லாதவரின் கருத்து' என்று தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

நாலு வடிகால் வெட்டினோம். நூல் பிடித்த மாதிரி நேர். அழகென்றால் அப்படியோர் அழகு. நானே போட்டோ எடுத்து வீட்டில் மாட்டினேன்.

அடுத்த வருடம் புல்வெளி பொட்டலாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பூ இல்லை. வந்த வண்டிகள் வளைவிலேயே திரும்பிப் போயின. அவசரக் கூட்டம் கூட்டி, ஆழ்ந்த விசாரணை நடத்தி, குற்றவாளியைக் கண்டுபிடித்தோம்: முத்துப்பேச்சியின் மாடு. 'பூக்களை மேய்ந்து அழித்த மேற்படி மாட்டை ஏழு நாளுக்குள் அப்புறப்படுத்தவும்' என்று நோட்டீஸ் எழுதி, கையெழுத்தும் போட்டு, நானே கொண்டுபோனேன்.

கடை அடுப்பு அணைந்திருந்தது. அவள் நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பதவி கருதிக் காட்டிக்கொள்ளவில்லை.

"பத்து வருசமா இந்த மாடு இங்கதான் மேயுது அண்ணாச்சி. பூவத் தின்னுட்டு வேர விட்டு வச்சுது, மறுவருசம் தானா வந்துச்சு," என்றாள். "நீங்க ஒரு பூவக்கூடத் தொடல. வேரோட காப்பாத்திட்டிய."