சடையன் போட்ட சத்தம்

ஒரு காட்டில் மூன்று வருடம் மழை பொய்த்தது. குளம் வற்றியது. சிங்க ராஜா ஆற்றுக்குப் போய் முதலைகளிடம் தண்ணீர் கடன் கேட்டார்.

"தருகிறோம். ஆனால் காட்டின் வீண்செலவை நிறுத்த வேண்டும்," என்றன முதலைகள்.

வீண்செலவு எது என்று தேடியபோது சடையன் அகப்பட்டான். அவன் ஒரு குரங்கு. மர உச்சியில் உட்கார்ந்து, சிறுத்தை வந்தால் குரல் கொடுப்பது அவன் வேலை. சம்பளம், நாளைக்குப் பத்து நாவல்பழம். அன்றே அவன் வேலை போயிற்று. குளம் நிரம்பியது.

ஐந்து வருடம் கழித்து, சீர்திருத்தத்தின் பலனை மதிப்பிட முதலைகள் ஒரு கொக்கை அனுப்பின. கொக்கார் படிவத்தோடு புல்வெளியில் வந்து நின்றார். செம்பி என்ற புள்ளிமான் அரைநாள் வரிசையில் நின்று அவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

"ஐயா, என் குட்டிகள் இரண்டையும் சிறுத்தை கொண்டுபோய்விட்டது."

"வருத்தம்தான். மந்தையில் முன்பு எத்தனை பேர்?"

"நூற்றிருபது."

"இப்போது?"

"நாற்பது."

கொக்கார் வகுத்துப் பார்த்தார். "தலைக்குக் கிடைக்கும் புல் மூன்று மடங்காகியிருக்கிறதே அம்மா."

"தின்னத்தான் பிள்ளைகள் இல்லை ஐயா."

"அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. சிறுத்தை எச்சரிக்கை முன்பு மாதம் நாற்பது. இப்போது ஒன்றுகூட இல்லை. பாதுகாப்பும் கூடியிருக்கிறது."

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலை போனபின் வயிற்றுப்பாட்டுக்குத் தூரக் காடுகளில் அலைந்துகொண்டிருந்த சடையன், அன்று அந்தப் பக்கம் வந்திருந்தான். கொக்காரின் முதுகுக்குப் பின்னால் சிறுத்தை பதுங்குவதைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் கத்திவிட்டான்.

செம்பி பாய்ந்து ஓடினாள். கொக்கார் எழும்பிக் கிளையில் உட்கார்ந்தார். சிறுத்தைக்குக் கிடைத்தது ஒரு வால் இறகு மட்டும்.

அது போனபின் செம்பி திரும்பி வந்தாள். "இதையாவது எழுதுங்கள் ஐயா. அவன் கத்தாவிட்டால் இன்று நீங்களே இல்லை."

"எழுதாமல் விடுவேனா?" என்றார் கொக்கார். கிளையிலிருந்து இறங்கிவந்து எழுதினார்: 'எச்சரிக்கைகள் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக உயர்ந்துவிட்டன. பாதுகாப்பு சீர்குலைந்து வருகிறது. காரணம், ஒரு குரங்கு.'

அடுத்த தவணைத் தண்ணீர் வருவதற்குள் சடையனைக் காட்டைவிட்டு அனுப்பினார்கள். செம்பி எல்லைவரை கூடப் போனாள்.

நீதி: ஒருவர் உயிரைக் காப்பாற்றுவதாக இருந்தால் சத்தமில்லாமல் காப்பாற்றுக, சத்தம் புள்ளிவிவரத்தைக் கெடுக்கும்.