‘இன்னிக்கு மட்டும்’ ஆட்டோக்காரர்

கடவுளிடம் சில்லறை வியாபாரம் செய்த ஒரே மனுஷன் இந்தப் பூமியில் எங்கள் உத்திரமேரூர் ‘இன்னிக்கு மட்டும்’தான். மற்ற எல்லோரும் மொத்த வியாபாரம். பையனுக்கு வெளிநாட்டு வேலை, பெண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளை, தனக்கு நூறு வயசு என்று லாரி லோடாகக் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்கிறேன். என்ன, நான் கேட்பது மாரியம்மனிடம். இந்த ஆள் மட்டும் கர்த்தரிடம் போய், அன்றைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் பொட்டலம் கட்டி வாங்கிவருவார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆட்டோ கண்ணாடியில்கூட அது எழுதியிருந்தது. ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். எதிரே என் மெடிக்கல் ஷாப். காலையில் நான் ஷட்டரைத் தூக்குவதும் அவர் ஜெபத்தைத் தொடங்குவதும் ஒரே நேரம். இப்போது அவர் மகளோடு வாலாஜாபாத் பக்கம் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆட்டோ நிரம்பியதும் மற்றவர்களைப்போல் சாவியைத் திருப்பமாட்டார். ஹேண்டில்பார் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடி, தெருவே கேட்கும்படி ஆரம்பிப்பார்.

“ஆண்டவரே, இன்னிக்கு மட்டும் பிரேக்கு நல்லா புடிக்கணும். இதுல குந்திக்கினு கீறவங்க அல்லாரும் இன்னிக்கு வூடு போய்ச் சேரணும். நாளிக்கு கதைய நாளிக்கு பேசிக்கலாம். ஆமென்.”

பிரேக் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் புது ஆட்கள் இறங்கி பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். பழகியவர்கள் ஆமென் சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொள்வார்கள். அதில் பாதிப் பேர் நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவர்கள். கீரைக்கூடையோடு வரும் செல்லம்மா ஆமென் சொன்ன கையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று ‘முருகா’ என்றும் சொல்லிவைப்பாள். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஜெபத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனுஷன் குடும்பத்தையே அப்படித்தான் நடத்தினார். பெட்ரோல் அன்றைக்கு ஓடும் அளவுக்கு. போன் ரீசார்ஜ் ஒரு நாள் பேக். அரிசி அன்றைக்கு உலையில் போடும் அளவுக்கு. அவர் மனைவி எஸ்தர் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போகிறவள், வாய் ஓயாதவள். தினமும் கல் உப்பு வாங்குகிற வீடு உலகத்திலேயே தன் வீடுதான் என்று என் கடை வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

புது வருஷ ஆராதனையில் சபையார் ஒவ்வொருவரும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அந்த வருஷம் முழுவதற்குமான வேத வசனம் அதில் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். நம் ஆள் அதை எடுக்க மறுத்துவிட்டார். ஒரு நாளைக்கு உண்டானது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாராம். போதகர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே அப்படியே ஆகட்டும் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் போதகர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. அந்த வருஷம் முழுக்கப் போதகர் பல் விளக்குவதற்கு முன்னாலேயே ஒரு வசனம் தேடிக் கொடுக்கவேண்டியிருந்தது.

ஊரில் அவர் ஜெபத்துக்கு ஒரு கிராக்கியும் இருந்தது. ஏரிப் பாசனத்தில் பெரிய நிலக்காரர் ஒருவர், பயிர் காய்ந்த வருஷத்தில், சாதி சாமி எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இவரை வரப்புக்குக் கூட்டிப்போனார். இவர் இன்னிக்கு மட்டும் மழை கேட்டார். நாலு தூறல் விழுந்தது. அறுவடை வரைக்கும் சேர்த்துக் கேட்டால் என்னய்யா என்று நிலக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவர் தினமும் புல்லட்டில் வந்து இவரைப் பின்னால் உட்காரவைத்து வரப்புக்குக் கொண்டுபோனார். இன்னொரு அம்மா மகளின் கல்யாணத்துக்காக ஜெபிக்கச் சொன்னாள். இவர் அந்தப் பெண் இன்றைக்கு நல்லபடியாக நாஷ்டா சாப்பிடவேண்டும் என்று ஜெபித்துவிட்டு எழுந்தார். அந்த அம்மா தெருவில் நின்று திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

என் வயிற்றெரிச்சல் வேறு. தலைவலி மாத்திரை ஒன்றுக்குமேல் வாங்கமாட்டார். அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்து, எக்ஸ்பைரி தேதி எந்தத் துண்டோடு போனது என்று எனக்கே தெரியாமல் போய்விடும். நாளைக்கும் வலித்தால் என்னய்யா செய்வாய் என்று ஒருநாள் கேட்டேன்.

“நாளிக்கு வலிச்சா நாளிக்கு வர்றேன். நீ இன்னா மொதலாளி, ஊர வுட்டா போகப் போற?”

அப்படிப்பட்டவர் வீட்டில் எஸ்தர் படுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முற்றிவிட்டது, வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது ஐப்பசி மாசம். அவர்களுடைய ஒரே மகள் ரெபேக்கா, கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். தை மாசம் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். எஸ்தருக்கு இருந்தது ஒரே ஆசை. தை வரைக்கும் உயிரோடு இருந்து பேரக்குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிடவேண்டும்.

வலி மாத்திரைக்கு டாக்டர் ஒரு மாசத்துக்குச் சீட்டு எழுதியிருந்தார். நம் ஆள் வழக்கம்போல அன்றன்றைக்கு உண்டானதைத்தான் வாங்கினார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து ஜெபிப்பார். இன்னிக்கு எஸ்தருக்கு வலி தெரியக் கூடாது, இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான். சவாரிக்கு வந்தவர்கள் சத்தமில்லாமல் ஆமென் சொன்னார்கள்.

தை மாசம் வரைக்கும் என்று கேள் என எஸ்தர் அவரைக் கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. இது வெளியே தெரிந்ததும் ஊரே அவர்மேல் பாய்ந்தது. இதென்ன பிடிவாதம், கட்டின பெண்டாட்டியைவிடவா பெரிது என்றார்கள். செல்லம்மா ஆமென் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கல்லாவிலிருந்து எழுந்து நின்றே கேட்டேன்.

“ஏன்யா, ஊர்ல கீறவன்லாம் லாரி லோடா கேக்குறான். நீ தை மாசம் வரைக்கும்னு வாயத் தொறந்தா இன்னா கொறஞ்சி பூடும்?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மாத்திரையைக் கொடுங்கள், சவாரி காத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அடைமழை. அவர் ஆட்டோ எங்கோ தண்ணீரில் நின்றுவிட்டது என்று போன் வந்தது. மாத்திரையை நானே ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போனேன். எஸ்தர் கட்டிலில் சின்னதாகக் கிடந்தாள். வாய் ஓயாதவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் புருஷனை ஒரு பாட்டம் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பழைய கதையைச் சொன்னாள். ரெபேக்காவுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். எனக்கு அதுவரை தெரியாது. பிறந்ததும் சபையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று, இவன் படிக்கணும், கலெக்டர் ஆகணும், நூறு வயசு வாழணும், எங்களைத் தூக்கிப்போட இவன்தான் நிற்கணும் என்று அவர் வாய் நிறையக் கேட்டாராம். சபையே அல்லேலூயா சொன்னதாம். ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்த ஒரு மழைக்காலத்தில் அந்தப் பையன் தண்ணீரோடு போய்விட்டான். பள்ளிக்கூடத்தில்கூட இன்னும் சேர்க்கவில்லை.

“அன்னிலேர்ந்து பெருசா கேக்க மாட்டாரு மொதலாளி. கேட்டா புடுங்கிக்குவாருன்னு பயம். ஊரு பக்தின்னு சொல்லிக்கினு கீது. பக்தியில்ல, பயம்.”

அவரைத் திட்டும் ஆசை போய்விட்டது.

கார்த்திகையில் ஒருநாள் காலை. நான் வழக்கம்போல அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்ட வேண்டாம், முழு அட்டை கொடுங்கள் என்றார். அட்டையைக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைக் கண்ணாடிமேல் முழங்கைகளை ஊன்றி, கண்ணை மூடினார். எதிரே சாம்பிராணிப் புகையில் என் மாரியம்மன் படம்.

“ஆண்டவரே, எஸ்தர தை மாசம் வரைக்கும் வுட்டு வையி. கொயந்தய ஒரு தபா தூக்கிப் பாக்கட்டும். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல. கேட்டுட்டேன்.”

நான் ஆமென் சொன்னேன். மாரியம்மன் கோபித்துக்கொண்டிருக்கமாட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கொஞ்ச நாளும் ஊர் இருந்த இருப்பைச் சொல்லவேண்டும். ‘இன்னிக்கு மட்டும்’ டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார் என்று பங்க்கில் வேலை செய்கிறவன் ஓடிவந்து சொன்னான். அரிசி மூட்டையாக வீட்டுக்குப் போனது. உப்பு பாக்கெட்டாகப் போனது. எஸ்தர் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாள் என்று கேள்வி. சபையில் உபவாச ஜெபம் நடந்தது. செல்லம்மா முருகனுக்கு முடிகாணிக்கை நேர்ந்துகொண்டாள். நிலக்காரர் வீட்டிலிருந்து பால் போனது. ஊர் மொத்தமும் தை மாசத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. எஸ்தரை நாற்காலியில் உட்காரவைத்துப் புதுப்புடவை போர்த்தி, ரெபேக்காவின் வயிற்றில் கையை வைக்கச் சொன்னார்களாம். உள்ளே உதைப்பது தெரிகிறது என்று எஸ்தர் சிரித்தாளாம். வாசலில் மாட்டிய காகித நட்சத்திரத்தை இறக்குவதற்குள் அவள் போய்விட்டாள். மார்கழி பாதிகூடத் தாண்டவில்லை.

அடக்கத்துக்குப் போதகர்தான் ஜெபம் செய்தார். நம் ஆள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவருடைய கர்த்தர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என் சாமியாக இருந்தால் கோயிலுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன். அடுத்த வீட்டுச் சாமியிடம் எப்படிச் சண்டை போடுவது?

சில நாள் கழித்துக் கடைக்கு வந்தார். தாடி முளைத்திருந்தது. மீந்துபோன மாத்திரை அட்டையைக் கண்ணாடிமேல் வைத்து, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பிரித்த அட்டையை எந்தக் கடையிலும் திருப்பி எடுக்கமாட்டார்கள். நான் எடுத்துக்கொண்டேன். வாய் சும்மா இருக்காமல், இனிமேல் அந்தக் கர்த்தரிடம் பேசுவாயா என்று கேட்டும்விட்டேன்.

“கோவம் கீது மொதலாளி. நெறைய கீது. அத்தயும் அவராண்டதான் சொல்லணும். வேற யாராண்ட போய்ச் சொல்றது?”

சொன்னாரே தவிர, ஆட்டோவில் ஜெபம் நின்றுபோனது. நிரம்பியதும் சாவியைத் திருப்பிக் கிளம்பிவிடுவார். சவாரி செய்கிறவர்களுக்கு உயிர் கையில் இல்லை. பிரேக்குக்குப் பொறுப்பு யார்? ஒருநாள் செல்லம்மா பொறுக்கமுடியாமல் கீரைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஆண்டவரே, முருகா, இன்னிக்கு மட்டும் பிரேக்கு புடிக்கட்டும் என்று தானே ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். அவர் ரோட்டைப் பார்த்தபடி காத்திருந்துவிட்டு, பிறகுதான் வண்டியை எடுத்தார்.

தை பிறந்த வாரத்தில் ரெபேக்காவுக்கு வலி கண்டது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பஞ்சும் துணியும் வேண்டும் என்று அவர்தான் போன் செய்தார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. வியாபார நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். வார்டில் மருமகன், செல்லம்மா, இரண்டு சபைப் பெண்கள். கட்டில் பக்கத்தில் எஸ்தர் உட்கார்ந்திருக்கவேண்டிய ஸ்டூல் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

அவர்கள் சபை வழக்கப்படி, பிறந்த குழந்தையைப் பெரியவர் ஒருவர் கையில் வாங்கி ஜெபிக்கவேண்டும். ரெபேக்கா குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

“ஜெபம் பண்ணு, நைனா.”

வாங்கிக்கொண்டார். கண்ணை மூடவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னிக்கு மட்டும் என்றுதான் தொடங்குவார், அல்லது ஒன்றுமே சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஆண்டவரே, எஸ்தர் பேத்தி வந்துட்டா. இவ பட்ச்சி பெரிய வேலைக்குப் போவணும். கல்யாணம் கட்டணும். புள்ள பெக்கணும். அந்தப் புள்ளைங்க கல்யாணத்துல இவ கெயவியா குந்திக்கினு வெத்தல இடிச்சிப் போடணும். பல்லு கொட்டணும். முடி நரைக்கணும். கண்ணாடி போட்டுக்கினு பேரன் பேத்திங்கள திட்டணும். ரெண்டு தபா கேட்டேன், குடுக்கல. நீ குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் கேப்பேன்.”

அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பேரன் பேத்திகளுக்கு வேலை கேட்டார். அவர்கள் கட்டப்போகும் வீட்டுக்குக் கிணற்றில் வற்றாத தண்ணீர் கேட்டார். கண்ணீர் தாடியில் இறங்கிக் குழந்தையின் துணியில் சொட்டியது. செல்லம்மா ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள். பார்வையாளர் நேரம் முடிந்தது, எல்லோரும் வெளியே போங்கள் என்று நர்ஸ் வந்து கையைத் தட்டினாள். அவர் எஸ்தரின் எள்ளுப்பேத்திக்கு அப்போதுதான் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். நான் நர்ஸைக் கதவோரமாகக் கூட்டிப்போய், கொஞ்சம் பொறும்மா, மனுஷன் கேட்டு முடிக்கட்டும் என்றேன்.