மஞ்சள் துணி சாமியின் கொரோனா டெஸ்ட்

கொரோனா இரண்டாவது சுற்று வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகள்கூட அடைத்துக் கிடந்தன. மஞ்சள் துணி சாமிக்கு மட்டும் மூச்சுவிட நேரமில்லை. வன்னியம்பட்டித் தோப்பில் அவருக்குக் கீற்றுப் பந்தல். ராஜபாளையத்திலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பிள்ளைத்தாச்சிகள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆறடி இடைவெளியா? ஆறு அங்குலம் இருந்தாலே அதிகம்.

சாமியின் வைத்தியம் சுருக்கமானது. வயிற்றின் மேல் மஞ்சள் துணியைப் போர்த்துவார். சொம்புத் தண்ணீரைத் தெளிப்பார். துணி சிவந்தால் கொரோனா கருவுக்குள் இறங்கிவிட்டது. காணிக்கை வைத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். சிவக்காவிட்டால் தப்பித்தாள், ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாது. என்ன விந்தையோ, தங்கம் போட்டு வந்தவர்களுக்கே துணி சிவந்தது. கொரோனாவுக்கும் ஆள் பார்க்கத் தெரியும்போல!

பாண்டிசெல்வி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். அவளுக்கு ஐந்து மாதம். அதே வீட்டில், கொழுந்தன் பால்பாண்டியின் மனைவி மாரிசெல்விக்கு எட்டு மாதம். மாரிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. பால்பாண்டி அவளைச் சாமியிடம் காட்டி, போர்த்திய துணியையும் வாங்கி வந்திருந்தான். நர்ஸ் ஜெயபாய் வாசலில் நின்று டெஸ்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்.

"சாமி துணி செவக்கலையே மதினி. பொறவு எதுக்கு டெஸ்டு?" என்றான் பால்பாண்டி.

அன்று துவைக்கிற வாளிக்குள் சாமி கொடுத்த அந்தத் துணியும் சேர்ந்து விழுந்தது. சோப்பு பட்டதுதான் தாமதம், சிவந்துபோயிற்று. பாண்டிசெல்விக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் கம்மல், சங்கிலி எல்லாம் போட்டுக்கொண்டு, பால்பாண்டியையும் இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

சாமி முதலில் சங்கிலியைப் பார்த்தார். பிறகுதான் வயிற்றைப் பார்த்தார். அவர் முன்னால் இரண்டு சொம்புகள். இடது பக்கச் சொம்பை எடுத்துத் தெளித்தார். துணி செக்கச்செவேல் என்றானது.

"எறங்கிட்டு தாயி! புள்ள கழுத்தப் பிடிச்சிருக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்படியா சாமி? நீங்களும் ஒரு தடவ பாத்துக்கிடுங்க!" பாண்டிசெல்வி சொம்பைப் பறித்து, அவர் கட்டியிருந்த மஞ்சள் வேட்டியில் கவிழ்த்தாள். தொடையிலிருந்து முழங்கால் வரை வேட்டி சிவந்தது.

"சாமிக்கு எத்தன மாசம்?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. வெற்றிலைக் கடை சோணைமுத்து இரண்டு சொம்பிலும் விரலைவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "ஏலே, இது சுண்ணாம்புத் தெளிவுல்லா! அடுத்த சொம்புல வெறும் தண்ணி!"

சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் ஓடினார். ஓட்டத்தில் மட்டும் தெய்வ அருள் தெரிந்தது.

பால்பாண்டி சிரிக்கவில்லை. "நாலு நாளக் கெடுத்துட்டேனே மதினி. வாங்க, மாரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

டெஸ்டில் மாரிக்குக் கொரோனா என்று தெரிந்தது. பாண்டிசெல்விக்கு இல்லை. மாரி ஒரு வாரம் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தேறி வந்து மூன்றாவது வாரம் பெண் பிள்ளை பெற்றாள். பிள்ளைக்குத் தொற்று இல்லை. தெருவே கேட்கிற குரல் மட்டும் இருந்தது.

"பால் குடுக்கலாமாக்கா?" என்று மாரி பயந்தாள்.

"தாராளமாக் குடுட்டி. கையக் கழுவிட்டுக் குடு," என்றார் ஜெயபாய்.

பந்தலில் கும்பிட்டு நின்ற அம்புட்டுப் பேரும் தினம் துணி துவைக்கிறவர்கள். மஞ்சள் எதில் சிவக்கும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். மூளையிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது காணிக்கை கேட்பதில்லை.