சட்டைப் பையில் சிவப்பு அம்பு

போலீஸைப் பார்த்து ஓடிவிடலாமா என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எனக்குத் தோன்றியிருக்கிறது. அப்போது நான் சர்ச் ஹாலில், மேடைமேல், கையில் மைக்குடன் நின்றுகொண்டிருந்தேன். முதியோருக்கு நடக்கும் கொடுமைகளைத் தடுப்பது எப்படி என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

ஆம்பூரில், இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. ஜூன் மாதத்தில் அதற்கென்று ஒரு நாள் இருக்கிறது என்பதே எங்கள் சபைக்கு அந்த வருடம்தான் தெரியவந்தது. போதகர் என்னைக் கூப்பிட்டு, "சாமுவேல், நீங்க அப்பாவக் கூடவே வெச்சிப் பாத்துக்கிறீங்க. நீங்கதான் பேசணும்" என்றார். மறுத்திருக்க வேண்டும். (புகழ்ந்து கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.)

உண்மை நிலவரம் வேறு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். எழுபத்தாறு வயது. அந்த வருடம் இரண்டு முறை தனியாகக் கிளம்பி ஹைவேக்குப் போய்விட்டார். இரண்டாவது முறை, லாரிகளுக்கு நடுவே பாதி ரோட்டில் நின்றவரை ஒரு பிரியாணிக் கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அன்றோடு என் தூக்கம் போயிற்று. நானும் மனைவி மெர்சியும் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கதவை வெளியே பூட்ட ஆரம்பித்தேன். மத்தியானம் ஓடிவந்து திறந்து, சாப்பாடு போட்டு, மறுபடி பூட்டுவேன். நைனாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று, சத்தம் வராமலிருக்கத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய்கூட விட்டிருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

விழாவுக்கு என் கெட்டிக்காரத்தனம் வேறு வடிவத்தில் வந்தது. வீட்டில் நடப்பதைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பயப்படுவார்கள். நான் ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஷூவில் தையல் பிசகு, கீறல் எது இருந்தாலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. அதையே இங்கே செய்தால் என்ன? ஒரு சார்ட்டில் 'திட்டுதல்', 'பட்டினி போடுதல்', 'அடித்தல்', 'பூட்டி வைத்தல்' என்று எழுதி, மூலையில் திரை கட்டி மாட்டினேன். பெரியவர்கள் கையில் ஆளுக்கொரு அம்பு கொடுத்துவிட்டால், திரைக்குப் பின்னால் போய், அவரவர் குறைக்கு நேரே ஒட்டிவிட்டு வரலாம். போதகர் அசந்துபோனார்.

சிறப்பு விருந்தினர் மகளிர் போலீஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அம்மா. "புதுச் சட்டம் வந்திருக்கு. பெத்தவங்கள கொடுமப்படுத்தினா ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும்" என்று தொடங்கினார். வேலூர் ஜெயிலை நான் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன். என் முறை வந்ததும் நான்கு தலைப்புகளையும் படித்தேன். நான்காவதை மட்டும் ரயில் போகிற வேகத்தில்.

பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "யாரும் வாய் திறக்க வேணாம். குறை எங்க இருக்கோ, அங்க அம்பு ஒட்டுங்க. அவ்ளோதான்."

முன்வரிசைப் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிகளில் செக்கிங்கிலும் தையலிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். நைனாவும் அப்படித்தான், எனக்கு முன்னால் அதே செக்கிங் மேசையில் நின்றவர். அம்பைக் காகிதத்தில் ஒட்டுவது என்பதை அவர்கள் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. அம்பு சரக்கின்மேல்தான் விழும்.

திரைப் பக்கம் யாரும் போகவில்லை. ஒரு பாட்டி நேராக நடந்து மருமகளின் முந்தானையில் ஒட்டினார். இன்னொருவர் மகனின் செல்போனில் ஒட்டினார். "இன்னா மாமா இது, சபைக்கு நடுவுல!" என்று ஒரு குரல். "குறை அங்கதாம்மா கீது!" என்று பதில். போதகரின் அங்கியிலும் ஒன்று விழுந்தது. (பிரசங்கம் ஜாஸ்தியாம்.)

நைனா மேடையேறி வந்தார். பழைய செக்கர் அல்லவா, அவசரமே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டைப் பையில் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"பாக்கெட்ல இன்னா வெச்சிருக்கீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எடுத்தேன்.

"எந்தச் சாவி?"

"வீ... வீட்டுச் சாவி மேடம்."

"வெளிப்பூட்டு" என்றார் நைனா. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது.

"மேடம், ரெண்டு வாட்டி ஹைவேல போய்ட்டாரு, லாரி..." என்று உளறினேன். மெர்சி எழுந்து நின்றுவிட்டாள். பத்து வயது மகள் பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பயம் நியாயம்தாம்மா" என்றார் நைனா. "ஆனா பூட்டுறப்ப ஒரு வார்த்த சொல்றதில்ல. தாப்பாளுக்கு எண்ண வுட்டு, பூன மாதிரி பூட்டிட்டுப் போய்ட்றான். நான் போய்க் கதவ இழுத்துப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும். தெனம் இழுத்துப் பாக்குறேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "உள்ள தீப்பிடிச்சா பெரியவரு எப்டி வெளிய வருவாரு? யோசிச்சீங்களா?"

இல்லை. லாரியைத் தவிர வேறெதையும் நான் யோசித்திருக்கவில்லை.

"கேஸ் எதுவும் போடல. ஆனா ஒரு நாள் வந்து பாப்பேன்" என்றார். அவர் வரவேயில்லை. அதுதான் பெரிய தண்டனை. இரண்டு மாதம் தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே, நான் ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். (ஒரு முறை வந்தது கேபிள் டிவிக்காரர்.)

விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டு டெய்லர் பாய், "இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று தன் மெஷினை எங்கள் கூடத்துக்கே தூக்கி வந்தார். நைனா கிளம்பினால் அவரும் கூடவே டீ குடிக்கக் கிளம்புவார். கடைசிவரை கதவு திறந்தே இருந்தது.

நைனா போய் வெகுநாளாகிறது. ஆனால் எதைச் செய்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது என்ற அந்தப் பேச்சு வீட்டைவிட்டுப் போகவில்லை. என் தட்டிலிருந்து கறித்துண்டை எடுக்கும்போதுகூட, "அப்பா, சொல்லிட்டுதான் எடுக்குறேன்" என்பாள் பியூலா.

போன மாதம் நான் இரண்டு முறை கேஸ் அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விட்டேன். ஞாயிறு சாப்பாட்டின்போது அவள், "அப்பா, வேலூர்ல ஞாபக மறதிக்குப் பாக்குற டாக்டர்கிட்ட உங்களக் கூட்டிட்டுப் போறேன். சொல்லிட்டுதான் செய்றேன், பாத்துக்கோங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பிறகு, "எந்தக் கிழமை?" என்று கேட்டேன்.